வாசலில் மட்டும் நம்மை விசாரிக்கும் அரசு

அணுமின் நிலையத்துக்குள் துடைப்பம் பிடிக்கவும் போலீஸ் சான்று வேண்டும். கான்ட்ராக்டர் பட்டியலில் பெயர் ஏறியதும் படிவம் வந்துவிடும். பெயர், தகப்பன் பெயர், நிரந்தர முகவரி, எந்தக் காவல் நிலைய எல்லை, வழக்கு ஏதும் உண்டா. நம் ஊர்களில் தெருப் பெயரைச் சொன்னாலே சாதியைச் சொன்ன மாதிரிதான். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததே 2025 ஏப்ரலில்தான். அதுவரை எத்தனை தலைமுறை அந்த முகவரியோடு காவல் நிலையப் படியேறியிருக்கும்!

உள்ளே விடும் முன் இவ்வளவு கேட்கும் அரசு, வேலை முடித்து வெளியே வந்தவரிடம் என்ன கேட்கிறது? இருபது ஆண்டு கழித்து அவருக்குப் புற்றுநோய் வந்தால் யார் வந்து விசாரிப்பார்கள்? அணு உலைப் பாதுகாப்பைப் பற்றிய விவாதத்தை நாம் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் அந்தச் சரிபார்ப்பு யாரை வடிகட்டுகிறது என்று பார்ப்போம். 2011, 2012 ஆண்டுகளில் கூடங்குளம் உலையை எதிர்த்து இடிந்தகரையில் அமர்ந்த ஆயிரக்கணக்கான மீனவர்கள், பெண்கள், விவசாயிகள் மீது தேசத்துரோகப் பிரிவான 124அ உட்பட வழக்குகள் பாய்ந்தன. அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்குமாறு 2013 மே மாதத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நீடித்தன. வளைகுடாவுக்குப் படகு வேலைக்குப் போக நினைத்த இளைஞர்களின் பாஸ்போர்ட்டுக்கு அவை குறுக்கே நின்றன. போலீஸ் சரிபார்ப்பு புரட்டுவதும் அதே வழக்குப் பதிவேட்டைத்தான். உலை வந்தால் வேலை வரும் என்று எந்த மக்களிடம் சொன்னார்களோ, அவர்களில் உலையைக் கேள்வி கேட்டவரின் பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது.

ஆபத்து எங்கிருந்து வந்தது? 2019இல் கூடங்குளத்தின் நிர்வாகக் கணினி வலையமைப்புக்குள் தீநிரல் புகுந்தது. முதல் நாள் மறுத்தவர்கள் மறுநாள் ஒப்புக்கொண்டார்கள். அது சாப்பாட்டுத் தூக்கோடு கேட்டில் வரிசையில் நின்ற எந்தத் தொழிலாளியின் பைக்குள்ளிருந்தும் வரவில்லை. 2009 நவம்பரில் கர்நாடகத்தின் கைகா நிலையத்தில் குடிநீர்க் குளிர்விப்பானில் டிரிட்டியம் கலந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உடலில் சேர்ந்தது. உள்ளே இருந்த யாரோ செய்த வேலை என்றார்கள். அந்த 'யாரோ' சரிபார்ப்பில் தேறி உள்ளே போனவராகத்தானே இருக்க வேண்டும்? பாதுகாப்புச் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏழையின் முகவரியையும் போராடியவரின் வழக்கையும் ஆபத்தின் அடையாளமாகப் பார்க்கும் சோதனை யாரையும் பாதுகாப்பதில்லை என்கிறேன்.

இனி கதிர்வீச்சுக்கு வருவோம். இந்திய விதிப்படி கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவர் ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் வரை வாங்கலாம். எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1. கேட்டுக்கு வெளியே 1 என்று இருக்கும் அதே உடலுக்கு உள்ளே போனால் 20. நெஞ்சில் மாட்டும் டி.எல்.டி. பேட்ஜ் எவ்வளவு பட்டது என்பதைப் பிறகு சொல்லுமே தவிர, படாமல் தடுக்காது.

"வரம்பை மீறவில்லையே, பிறகென்ன?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. உலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் காலத்தில் வெளியாட்கள் அதிகம் தேவைப்படுவார்கள். கதிர்வீச்சு மிகுந்த இடத்தில் ஒரே ஆளை நெடுநேரம் நிறுத்தினால் வரம்பைத் தாண்டிவிடுவார். அதனால் ஆட்களை மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். பட்டியலில் எல்லோருடைய எண்ணும் வரம்புக்குள் நிற்கும். ஆனால் எவ்வளவு குறைந்த கதிர்வீச்சுக்கும் அதற்கேற்ற ஆபத்து உண்டு என்ற அனுமானத்தின் மீதுதான் உலக அளவிலான பாதுகாப்பு விதிகளே எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் கணக்குப்படி, ஒருவர் வாங்க வேண்டியதைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டால் மொத்த ஆபத்து குறையாது. யாருக்கு நோய் வந்தாலும் இதனால்தான் வந்தது என்று நிரூபிக்க முடியாமல் போகும், அவ்வளவுதான்.

நிரந்தர ஊழியருக்கு அணுசக்தித் துறையின் பங்களிப்பு மருத்துவத் திட்டம் இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகும் அது தொடரும். கான்ட்ராக்டரின் ஆளுக்கு அந்தக் கதவு திறக்காது. அவர் வாங்கிய கதிர்வீச்சின் எண் தேசியப் பதிவேட்டில் இருக்கும், அவர் பெயர் எந்த மருத்துவமனைப் பட்டியலிலும் இருக்காது. சட்டமாவது கைகொடுக்குமா? கதிர்வீச்சால் வரும் நோயைத் தொழில்நோய் என்று ஏற்றுக்கொண்ட 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை போட்டது. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று கான்ட்ராக்டர் மாறிக்கொண்டே இருப்பவர் எந்த ஆறு மாதத்தைக் காட்டுவார்?

"கதிர்வீச்சு சாதி பார்க்குமா?" என்று கேலி செய்பவர்களும் இருக்கிறார்கள். பார்க்காது. அதன் முன்னால் யாரைக் கொண்டுபோய் நிறுத்துவது என்று முடிவு செய்பவர்கள் பார்ப்பார்கள். நிரந்தரப் பணிக்கு இடஒதுக்கீடு உண்டு, கான்ட்ராக்டர் பட்டியலுக்குக் கிடையாது. ஆனால் கழுவ, துடைக்க, கசிந்ததை அள்ள ஆள் தேவைப்படும்போது மேஸ்திரி எந்தத் தெருவுக்கு வருவார் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நகராட்சிக் குப்பை வண்டிக்கும் பாதாளச் சாக்கடைக்கும் ஆள் எடுக்கும் அதே தெருதான். மலத்துக்குப் பதில் கதிர்வீச்சு வந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, நாற்றம் கிடையாது, அதனால் அவமானமும் வெளியே தெரியாது.

வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கல்பாக்கம் சாட்சி. 2003 ஜனவரி 21 அன்று அங்குள்ள மறுசுழற்சி ஆலையில் வால்வு ஒன்று பழுதாகி, உயர்நிலைக் கதிரியக்கக் கழிவு வரக் கூடாத தொட்டிக்குள் வந்துவிட்டது. அதை எச்சரிக்கும் கருவி அந்த இடத்தில் இல்லை. ஆறு ஊழியர்கள் கடும் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஊழியர் சங்கம் பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிட்டுக் கடிதம் கொடுத்தது, வேலைநிறுத்தம் செய்தது. நிர்வாகம் முன்னணியில் நின்றவர்களை இடமாற்றம் செய்தது. தொழிலாளர்களின் அதீத ஆர்வமும் தவறான கணிப்பும் காரணம் என்று பழியையும் அவர்கள் மீதே போட்டது. சங்கமும் நிரந்தர வேலையும் உள்ளவர்களுக்கே இந்தக் கதி. நாளை கேட் பாஸ் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாத ஒப்பந்தத் தொழிலாளி எந்த வாயால் "இங்கே மானிட்டர் இல்லை, நான் உள்ளே போக மாட்டேன்" என்று சொல்வார்?

அணு உலையை எதிர்க்கும் தோழர்களிடமும் ஒரு வருத்தம் உண்டு. கடலைப் பற்றி, மீனைப் பற்றி, விபத்து நடந்தால் காலி செய்ய வேண்டிய ஊர்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். விபத்தே நடக்காத நாளிலும் உள்ளே போய் வருபவரின் உடலைப் பற்றிப் பேசியது குறைவு. உலை இன்றே மூடப்பட்டாலும் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யப் பல ஆண்டுகள் ஆகும். அந்த வேலைக்கும் இதே தெருவுக்குத்தான் ஆள் தேடி வருவார்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். ஒவ்வொரு ஒப்பந்தமும் முடியும்போது தொழிலாளி வாங்கிய கதிர்வீச்சு அளவை அவர் மொழியில் எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும். பேட்ஜ் மாட்டிய ஒவ்வொருவருக்கும் நிரந்தர ஊழியருக்கு உள்ள அதே மருத்துவ உரிமை ஆயுள் முழுக்க வேண்டும். ஆறு மாத நிபந்தனை கதிர்வீச்சு நோய்க்குப் பொருந்தக் கூடாது. யார் எவ்வளவு வாங்கினார்கள் என்பதை வேலைப் பிரிவு வாரியாகவும் சாதி வாரியாகவும் வெளியிட வேண்டும். போலீஸ் சரிபார்ப்பில் ஒருவரை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். போராட்ட வழக்கு அந்தக் காரணமாக இருக்கக் கூடாது.

இவை கிடைக்கும் வரை நாமே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவிலிருந்து யாராவது ஷட்டவுன் வேலைக்குப் போனால் அவருக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, கான்ட்ராக்டர் பெயர், உள்ளே நின்ற இடம், பேட்ஜ் எண், கேட்டு வாங்கிய அளவு, எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவருக்கு நீங்கள் எழுதுங்கள். என்றாவது ஒரு நாள் நீதிமன்றத்தில் நம்மிடம் ஆதாரம் கேட்பார்கள்.