நெற்றிக்கண் கார்

முன்புறம் மூன்று விளக்குகள். இரண்டு வழக்கமான இடத்தில். மூன்றாவது நட்ட நடுவில், நெற்றிக்கண் போல. ஸ்டியரிங்கை ஓரளவுக்கு மேல் ஒடித்தால் அந்த நடு விளக்கும் கூடவே திரும்பும். திரும்பப்போகும் வளைவில் முன்கூட்டியே வெளிச்சம் விழும். 1948இல் சிகாகோவில் தயாரான டக்கர் காரைப் பார்ப்பவர்கள் முதலில் வாய் பிளப்பது இதற்குத்தான்.

வியக்க இன்னும் இருக்கிறது. இன்ஜின் பின்புறம். ஹெலிகாப்டருக்காக உருவான அதைத் தண்ணீரால் குளிரும்படி மாற்றியிருந்தார்கள். 166 குதிரைசக்தி. மோதினால் முன்கண்ணாடி வெளிப்பக்கமாகக் கழன்று விழும். தலை அடிபடாமலிருக்க டாஷ்போர்டுக்கு மெத்தை. போருக்கு முந்தைய மாடல்களுக்கே லேசாக ஒப்பனை செய்து பெரிய கம்பெனிகள் விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், பயணி உயிரோடு வீடு திரும்புவதைப் பற்றி யோசித்த கார் இது.

யோசித்தவர் பிரெஸ்டன் டக்கர். கார்களை நேசித்தவர், பேச்சில் மன்னர். கையில் பணம் இல்லை. எனவே பங்குகளை விற்றார். டீலர்ஷிப்புகளை விற்றார். கார் வருவதற்கு முன்பே அதற்கான ரேடியோவையும் சீட் உறைகளையும் கூட விற்றார். நமது செபி போன்ற அமெரிக்க ஆணையம் விசாரணையில் இறங்கியது. 1949 மார்ச்சில் தொழிற்சாலை மூடப்பட்டது. மோசடி வழக்கில் 1950 ஜனவரியில் ஜூரிகள் டக்கரை விடுவித்தனர். ஆனால் விடுதலையான மனிதருக்குத் திரும்பிப் போகத் தொழிற்சாலை இல்லை. முதல் மாதிரியையும் சேர்த்து மொத்தம் 51 கார்கள், கதை முடிந்தது. 1956இல் டக்கரும் மறைந்தார்.

பெரிய கம்பெனிகளின் சதி என்கிறார்கள் ரசிகர்கள். 1988இல் டக்கரைப் பற்றிப் படமெடுத்த பிரான்சிஸ் ஃபோர்டு கப்போலாவும் கிட்டத்தட்ட அந்தக் கட்சிதான். இத்தனைக்கும் அவரது தந்தை டக்கர் பங்குகளில் பணம் போட்டவர். சிறுவயதில் பார்த்த காரை மகன் மறக்கவில்லை. பின்னாளில் ஒன்றை வாங்கியும் விட்டார்.

சதியோ இல்லையோ, தயாராகாத பொருளுக்கு முன்கூட்டியே காசு வாங்கியது டக்கரின் சொந்தக் காரியம். காரின் அழகு அந்தக் கணக்கை மறைத்துவிடுகிறது. 2012இல் ஒரு டக்கர் கார் 29 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 1949இல் பங்குப் பத்திரங்களோடு விழித்து நின்றவர்களுக்கு அதில் சல்லிக்காசு கிடையாது.