பழைய ஸ்டேஷன் வேகன் வாங்கலாமா?

பின்னிருக்கையை மடித்தால் துணிப்பொதிக்கும் இடந்தரும் ஸ்டேஷன் வேகன் கார்கள் நம் நாட்டில் அதிகம் விற்பனையானதில்லை. 2004-இல் வெளிவந்த டாட்டா இண்டிகோ மரீனா போன்றவை இன்று பழைய வண்டிகளாகவே கிடைக்கும். விலை மலிவு, ஓடிய தூரமோ பெரும்பாலும் 1 லட்சம் கிலோமீட்டருக்கு மேல். அங்கத்தினர் பலர் அவ்வெண்ணைக் கண்டே அஞ்சுகின்றனர்.

அவ்வச்சம் தேவையற்றது என்பது எம் கருத்து. நெடுஞ்சாலையில் சீராக ஓடி, உரிய காலத்தில் ஆயில் மாற்றப்பெற்ற வண்டி, ஓடாமல் கொட்டகையில் கிடந்த வண்டியினும் மேலாயிருக்கக்கூடும். தவிர, மீட்டரைத் திருத்துவோரும் உளர். மீட்டர் 40,000 என்று கூற, பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழவழப்பாயிருப்பின் எதை நம்புவது? தணிக்கையில் ரொக்கப் புத்தகத்தை வவுச்சரோடு ஒப்பிடுகிறோமல்லவா? அவ்வாறே தேதியும் கிலோமீட்டரும் குறித்த சர்வீஸ் பில்களை வரிசையாகப் பார்த்தல் வேண்டும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாயின், அதனை மாற்றியதற்குப் பில் உண்டா என்பதே முதற் கேள்வி. ஓட்டத்தில் அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். மலிவாக வாங்கிய லாபம் அத்துடன் போயிற்று. பில் இல்லையேல், புதுப் பெல்ட்டின் செலவை விலையில் கழித்துப் பேசுக.

நிற்க. சொந்த உபயோகக் காரின் முதற் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் சோதனையில் தேறினால் 5 ஆண்டுகள் நீட்டிப்பர். மரீனாக்கள் பலவும் இவ்வெல்லையைத் தாண்டியவை. பதிவு புதுப்பிக்கப்படாத வண்டிக்கு முன்பணமும் தரவேண்டா. படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையொப்பம் பெறுக; வண்டியின் மேல் கடன் பதிவாகியிருப்பின், கடன் கொடுத்தவர் கையொப்பமிட்ட படிவம் 35-உம் கைக்கு வந்த பின்னரே பணம் கொடுக்க.