முதல் டிக்கெட் யாருக்கு?

லிவர்பூல் அணியின் ஆட்டத்தை ஆன்ஃபீல்டு மைதானத்தில் ஒருமுறையேனும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று புதிதாக ஆசைப்படும் ஒருவர், கையில் பணத்துடன் மைதானத்தின் வாயிலுக்குச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே விற்பதற்கு டிக்கெட் இருப்பதில்லை. முதலில் அவர் ஆண்டுச் சந்தா செலுத்தி கிளப்பின் உறுப்பினராக வேண்டும். உறுப்பினரானவுடன் டிக்கெட் கிடைத்துவிடாது. டிக்கெட்டுக்கு முயன்று பார்க்கும் உரிமை மட்டுமே கிடைக்கும். அதன் பிறகு குலுக்கலில் பெயரைப் பதிய வேண்டும் அல்லது விற்பனை தொடங்கும் காலைப்பொழுதில் கணினித் திரையின் முன் அமர்ந்து, பல்லாயிரம் பேருக்குப் பின்னால் தனக்கு ஒதுக்கப்பட்ட வரிசை எண் குறைவதற்காகக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அந்த எண் குறைவதற்குள் இருக்கைகள் தீர்ந்துபோகும். சந்தாத் தொகை மட்டும் திரும்பி வராது.

இது லிவர்பூலுக்கு மட்டும் உரிய நிலையன்று. பிரீமியர் லீக்கின் பெரிய கிளப்புகள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ இதே நடைமுறைதான். ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் தன் சொந்த மைதானத்தில் 19 லீக் ஆட்டங்களை ஆடுகிறது. இருக்கைகளின் பெரும்பகுதி அந்த 19 ஆட்டங்களுக்கும் சேர்த்து சீசன் டிக்கெட்டாக முன்பே விற்கப்பட்டுவிடுகிறது. சுமார் 74,000 பேர் அமரக்கூடிய மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் 50,000-க்கும் மேற்பட்ட இருக்கைகள் இவ்வாறு சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு உரியவை. வெளியூர் ரசிகர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் விருந்தோம்பல் அரங்குகளுக்கும் ஒதுக்கியது போக எஞ்சுவதற்குத்தான் உறுப்பினர்கள் அனைவரும் போட்டியிடுகிறார்கள்.

அந்தப் போட்டியிலும் எல்லாரும் சமமல்லர். முந்தைய பருவத்தில் அதிக ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு முன்னுரிமை தரும் முறையைப் பல கிளப்புகள் பின்பற்றுகின்றன. ஆட்டம் பார்த்தால் புள்ளி சேரும். புள்ளி சேர்ந்தால் அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்கும். முதல் ஆட்டத்தைப் பார்க்க முடியாதவருக்குப் புள்ளி எப்படிச் சேரும் என்பதற்கு இந்த முறையில் தெளிவான பதில் இல்லை. நீச்சல் கற்ற பிறகே ஆற்றில் இறங்கலாம் என்று சொல்வது போன்றது இது.

ஆயினும், இந்த முன்னுரிமையை அநீதி என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. அணி தோற்றுக்கொண்டிருந்த ஆண்டுகளில், மழையிலும் குளிரிலும் வந்து இருக்கைகளை நிரப்பியவர்கள், அணி வெற்றி பெறத் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தவருக்கு ஏன் வழிவிட வேண்டும் என்று கேட்பது நியாயமே. சிக்கல் அந்த நியாயத்தில் இல்லை. அதைச் சுற்றி எழுப்பப்பட்ட சந்தையில் இருக்கிறது.

பழைய தலைமுறையினர் ரசிகர்களான விதம் முற்றிலும் வேறு. 1980-கள் வரை இங்கிலாந்தின் மைதானங்களில் நின்றுகொண்டு பார்க்கும் படிக்கட்டுத் திடல்கள் இருந்தன. ஆட்டத்தன்று வாயிலில் சில்லறையைக் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நிகழ்ந்த நெரிசல் அந்தக் காலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியைக் காணச் சென்ற லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரின் உயிரைப் பறித்த பேரிடர் அது. அதை விசாரித்த நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் அளித்த இறுதி அறிக்கை, பெரிய மைதானங்கள் அனைத்திலும் இருக்கைகள் அமைக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அந்த அறிக்கையில் பலரும் மறந்துவிட்ட பகுதி ஒன்று உண்டு. இருக்கை அமைப்பதைக் காரணம் காட்டி எளியவர்களால் தாங்க முடியாத அளவுக்கு விலையை உயர்த்தத் தேவையில்லை என்று டெய்லர் கருதினார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் நிற்பதற்கு 4 பவுண்டும் அமர்வதற்கு 6 பவுண்டும் வசூலிக்கப்படுவதை அவர் எடுத்துக்காட்டினார். லிவர்பூலின் புகழ்பெற்ற காப் திடலில் அப்போது கட்டணம் 4 பவுண்ட். பொதுவான விலைவாசியோடு மட்டும் உயர்ந்திருந்தால் அது இன்று 15 பவுண்டைக்கூட எட்டியிராது. அறிக்கையின் இருக்கைப் பரிந்துரையைக் கிளப்புகள் ஏற்றன. விலை பற்றிய கருத்தைக் கைவிட்டன.

2016 பிப்ரவரியில் ஆன்ஃபீல்டில் நடந்தது இந்த வரலாற்றின் தொடர்ச்சி. அடுத்த பருவத்தில் மிக உயர்ந்த டிக்கெட்டின் விலை 77 பவுண்ட் என்று கிளப் அறிவித்திருந்தது. சண்டர்லாந்து அணிக்கு எதிரான ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியேறினர். அவர்கள் எழுந்தபோது லிவர்பூல் 2-0 என முன்னிலையில் இருந்தது; ஆட்டம் 2-2 என முடிந்தது. சில நாள்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கோரி விலை உயர்வைக் கைவிட்டனர். 9 பவுண்ட் டிக்கெட்டுகளும் அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டில், வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக்கூடாது என்று பிரீமியர் லீக்கின் 20 கிளப்புகளும் ஒப்புக்கொண்டன. அந்த வரம்பால் எந்தக் கிளப்பும் திவாலாகிவிடவில்லை.

இவை உண்மையான வெற்றிகள். ஆனால், புதிய ரசிகரின் கோணத்திலிருந்து பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. 30 பவுண்ட் டிக்கெட்டுகள் யாருக்குப் போகின்றன? வெளியூர் ஆட்டங்களுக்கு ஓர் அணிக்கு அதிகபட்சம் 3,000 இடங்கள் அளவில்தான் கிடைக்கும். அவை கிட்டத்தட்ட முழுவதும் பழைய வருகைப் பதிவின் அடிப்படையிலேயே பங்கிடப்படுகின்றன. விலை குறைந்ததன் பயன் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களைச் சென்றடைந்தது. விலை என்பது ஒரு பூட்டு; முன்னுரிமை என்பது இன்னொரு பூட்டு. ஒன்றை மட்டும் திறந்தால் கதவு திறக்காது.

கிளப்புகள் இதை நன்கு அறிந்திருக்கின்றன. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் ஒன்றுதிரண்டு போராடக் கூடியவர்கள்; எப்போதாவது ஓர் ஆட்டத்துக்கு வருபவர்களுக்கு அந்த வலிமை கிடையாது. 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட், பருவத்தின் நடுவிலேயே, எஞ்சிய உறுப்பினர் டிக்கெட்டுகள் அனைத்தின் விலையையும் 66 பவுண்ட் ஆக்கியது. சிறுவருக்கும் முதியோருக்கும் இருந்த சலுகை அந்த டிக்கெட்டுகளில் நீக்கப்பட்டது. அதற்கு முன் சிறுவர் டிக்கெட் 25 பவுண்டுக்குக் கிடைத்தது. சுமை முழுவதும் யார் மீது விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்: சீசன் டிக்கெட் இல்லாதவர், குழந்தையை முதன்முறையாக அழைத்து வரும் பெற்றோர். ரசிகர்கள் வெகுண்டு எழுந்தனர் என்பது உண்மை. ஆனால், அந்த முடிவு எவ்வளவு துல்லியமாக வலுவற்றவர்களைத் தேர்ந்தெடுத்தது என்பதுதான் என்னை வியக்கவைத்தது.

இத்தனைக்கும் டிக்கெட் வருவாயை நம்பித்தான் இந்தக் கிளப்புகள் வாழ்கின்றன என்று சொல்லிவிட முடியாது. பிரீமியர் லீக் கிளப்புகளின் மொத்த வருவாயில் ஆட்ட நாள் வருவாய் ஏறத்தாழ 7-இல் 1 பங்குதான். 2025-26 பருவத்தில் தொடங்கிய பிரிட்டன் உள்நாட்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் மட்டும் 4 ஆண்டுகளுக்கு 670 கோடி பவுண்ட் மதிப்புடையது. அந்தப் பணம் வருவதற்கு நிரம்பிய அரங்கமும் பாடும் கூட்டமும் காரணம் என்பதைத் தொலைக்காட்சி நிறுவனங்களும் மறுப்பதில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் கால்பந்து ஆட்டங்களை நேரலையில் ஒளிபரப்பக்கூடாது என்ற பழைய கட்டுப்பாடு இன்னும் நீடிக்கிறது. மக்கள் மைதானத்துக்கு வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆக, அந்த நேரத்து ஆட்டத்தைச் சென்னையில் இருப்பவர் வீட்டில் அமர்ந்து பார்க்கலாம். மைதானத்தின் அடுத்த தெருவில் வசிப்பவர், டிக்கெட் கிடைக்காவிட்டால், பார்க்க முடியாது.

எனினும் புதியவர்கள் எல்லாருக்கும் கதவு அடைக்கப்பட்டிருக்கிறது என்பதும் சரியன்று. சில நூறு பவுண்ட் செலவழிக்கக் கூடியவருக்கு உறுப்பினர் அட்டையும் வேண்டாம், புள்ளிகளும் வேண்டாம். உணவும் மெத்தை இருக்கையும் சேர்ந்த விருந்தோம்பல் டிக்கெட்டை நேரடியாக வாங்கிக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களில் பலர் இப்படித்தான் உள்ளே போகிறார்கள். அவர்களைப் பழைய ரசிகர்கள் ஏளனமாகப் பார்ப்பதுண்டு, அது தேவையற்றது. அவர்கள் திறந்திருந்த ஒரே கதவின் வழியாக வந்தவர்கள். உண்மையில் வெளியே நிற்பவர் வேறொருவர்: உள்ளூரில் வசிக்கும், வருமானம் குறைந்த, குடும்பத்தில் எவரிடமும் சீசன் டிக்கெட் இல்லாத இளைஞர்.

அந்த இளைஞரைக் கள்ளச்சந்தை வரவேற்கிறது. 1994-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டத்தின் 166-ஆவது பிரிவின்படி, இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது குற்றம். எதிரணி ரசிகர்கள் கலந்து அமர்ந்து மோதல் ஏற்படக்கூடாது என்பதற்காக வந்த சட்டம் இது. எனவே, இசை நிகழ்ச்சிக்கு இல்லாத தடை கால்பந்துக்கு 1994-இலேயே வந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆனால், தரகர்கள் இப்போது உறுப்பினர் கணக்குகளையே மொத்தமாக உருவாக்கிக் குவிக்கிறார்கள். வெளிநாட்டில் பதிவு செய்யப்பட்ட இணையதளங்களில் டிக்கெட்டுகள் பல மடங்கு விலைக்கு விற்கப்படுகின்றன. லிவர்பூல், ஆர்சனல் போன்ற கிளப்புகள் பல்லாயிரம் கணக்குகளை முடக்கியிருக்கின்றன. புதிய ரசிகர் ஒருவருக்குச் சொல்ல வேண்டிய முதல் எச்சரிக்கை இதுதான்: கிளப்பின் சொந்தத் தளத்திலோ அதன் அதிகாரபூர்வ மறுவிற்பனைப் பிரிவிலோ அன்றி வேறெங்கும் பணம் செலுத்தக்கூடாது. கைப்பேசியில் வரும் போலி டிக்கெட் வாயிற்கதவைத் திறக்காது.

லண்டனின் ஈஸ்ட்ஹாம் பகுதியைத் தமிழர்கள் பலர் அறிவர். அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில்தான் வெஸ்ட்ஹாம் யுனைடெட்டின் பழைய மைதானமான அப்டன் பார்க் இருந்தது. தெற்காசியக் கடைகள் நிறைந்த கிரீன் தெருவின் ஓரத்திலேயே அது இருந்தும், அரங்கினுள் தெற்காசிய முகங்கள் அரிதாகவே தென்பட்டன. இனவெறி ஒரு காரணம். டிக்கெட் வழிவழியாகக் குடும்பங்களுக்குள்ளேயே புழங்கியதும் ஒரு காரணம் என்று கருத இடமிருக்கிறது. 2016-இல் அந்த அணி சுமார் 35,000 இடங்கள் கொண்ட அப்டன் பார்க்கை விட்டு, ஒலிம்பிக்கிற்காகக் கட்டப்பட்ட மிகப் பெரிய லண்டன் ஸ்டேடியத்துக்குப் பெயர்ந்தபோது, பெரியவர்களுக்கான சீசன் டிக்கெட்டை 289 பவுண்டிலிருந்தும் 16 வயதுக்குட்பட்டோருக்கு 99 பவுண்டிலிருந்தும் விற்றது. இருக்கையும் பெருகி விலையும் குறைந்ததால், இரு பூட்டுகளும் ஒருசேரத் திறந்த அரிய தருணம் அது. அதே கிளப் 2024-25 பருவத்தில் பெரும்பகுதி இருக்கைகளில் புதியவர்களுக்கான சலுகையை நிறுத்தி, எதிர்ப்பு வலுத்த பிறகே மீண்டும் கொண்டுவந்தது.

இத்தகைய விவாதங்களில் ஜெர்மனியை மேற்கோள் காட்டுவது வழக்கம். கிளப்பின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற 50+1 விதி அங்கே உண்டு. டார்ட்மண்டின் தெற்குத் திடலில் சுமார் 25,000 பேர் குறைந்த கட்டணத்தில் நின்று பார்க்கிறார்கள். பாராட்டத்தக்கதே. ஆனால், பேயர்ன் மியூனிக்கின் உறுப்பினர்கள் 4 லட்சத்துக்கும் மேல். மைதானத்தில் இடமோ 75,000. மலிவான டிக்கெட் என்பதாலேயே அது புதியவருக்குக் கிடைத்துவிடுவதில்லை. ஜெர்மனி முதல் பூட்டைத் திறந்திருக்கிறது. இரண்டாவது அங்கும் பெரும்பாலும் பூட்டியே இருக்கிறது.

2026 உலகக் கோப்பைக்குத் தேவைக்கேற்ப விலை மாறும் முறையை ஃபிஃபா கொண்டுவந்து, கண்டனம் கடுமையான பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 60 டாலர் டிக்கெட்டுகள் சிலவற்றை ஒதுக்கியதும் இதே பாடத்தைச் சொல்கிறது. அந்த மலிவான டிக்கெட்டுகளும் ஏற்கெனவே அணியைப் பின்தொடரும் விசுவாசிகளுக்கே என்று ஒதுக்கப்பட்டன.

செய்யக்கூடியது பெரிதொன்றும் இல்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு சிறு பங்கு இருக்கைகளை, அந்தப் பருவத்தில் ஒரு முறையும் டிக்கெட் பெறாதவர்களுக்கும் உள்ளூர் இளைஞர்களுக்கும் வரம்பிட்ட விலையில் குலுக்கல் மூலம் தரலாம். லிவர்பூல் தன் நகர அஞ்சல் குறியீட்டு எண் கொண்டவர்களுக்குத் தனியாக ஒரு விற்பனை நடத்துகிறது. ஆர்சனல், முந்தியவருக்கே டிக்கெட் என்ற முறையை 2023-இல் கைவிட்டு உறுப்பினர்களுக்குக் குலுக்கலைக் கொண்டுவந்தது. முன்மாதிரிகள் இருக்கின்றன, அளவுதான் போதவில்லை. இதனால் பழைய ரசிகர்கள் சிலர் எப்போதாவது ஓர் ஆட்டத்தை இழக்க நேரிடும். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

அதுவரை புதியவர் செய்யக்கூடியது, பிரீமியர் லீக் மட்டுமே கால்பந்து என்ற எண்ணத்தைக் கைவிடுவது. முதல் நான்கு பிரிவுகளில் 92 கிளப்புகள் உள்ளன. அவற்றுக்குக் கீழே இன்னும் பல நூறு. கீழ்ப்பிரிவுகளில் ஆட்டத்தன்று வாயிலிலேயே டிக்கெட் வாங்கலாம். ஆர்சனல் மகளிர் அணி தன் ஆட்டங்களை எமிரேட்ஸ் மைதானத்திலேயே ஆடுகிறது. அதே இருக்கை, ஆண்கள் ஆட்டத்தின் விலையில் ஒரு பகுதிக்குக் கிடைக்கிறது. மான்செஸ்டரில், யுனைடெட்டை கிளேசர் குடும்பம் வாங்கியதை எதிர்த்து 2005-இல் ரசிகர்களே தொடங்கிய எஃப்.சி. யுனைடெட், சீசன் டிக்கெட்டுக்கு இயன்றதைக் கொடுங்கள் என்று கேட்ட கிளப். கோப்பைப் போட்டிகளின் தொடக்கச் சுற்றுகளில் பெரிய மைதானங்களிலும் இடம் கிடைப்பதுண்டு. புள்ளிக் கணக்கைத் தொடங்கவும் அதுவே எளிய வழி.

2025 ஜூலையில் பிரிட்டனில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. அதன்படி அமைந்த சுயேச்சையான ஒழுங்காற்று அமைப்பின் கீழ், டிக்கெட் விலை குறித்துக் கிளப்புகள் தம் ரசிகர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால், அந்த ஆலோசனைக் குழுக்களில் இடம்பெறுபவர்களில் பெரும்பாலோர் சீசன் டிக்கெட் வைத்திருப்போரும் நீண்டகால உறுப்பினர்களுமே. இன்னும் ஓர் ஆட்டத்தைக்கூட நேரில் பார்த்திராத 17 வயது இளைஞரின் சார்பில் அங்கே யார் பேசுவார்கள் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அவரை ஒரு ரசிகராகக் கணக்கில் கொள்ளும் பதிவேடும் எந்தக் கிளப்பிடமும் இல்லை.