தினம் ஒரு குறிப்பு... விக்கிப்பீடியாவின் காலண்டர் தாள்!

காலையில் எழுந்ததும் தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது இன்னும் பல வீடுகளில் ஒரு கடமை. ராகு காலம், எமகண்டம், திதி, நட்சத்திரம் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, கண் தாளின் அடியில் போய் நிற்கும். அங்கே ஒரு பொன்மொழி இருக்கும், அல்லது ஒரு கை வைத்தியம். அதற்காக யாரும் காலண்டர் வாங்குவதில்லை. ஆனாலும் கண்ணில் பட்டுவிடும். சில நாள் மனதிலும் தங்கிவிடும்.

ஆங்கில விக்கிப்பீடியாவிலும் இப்படி ஒரு காலண்டர் தாள் உண்டு. படித்துவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கட்டுரைகளை எழுதியும் திருத்தியும் வருகிற தன்னார்வலர்களுக்கானது அது. பெயர், 'இன்றைய குறிப்பு'. ஒரு சின்னப் பெட்டிக்குள் சில வரிகள், அவ்வளவுதான். ஒருநாள் 'பதிப்பிக்கும் முன் முன்தோற்றம் பாருங்கள்' என்று இருக்கும். இன்னொரு நாள் 'பேச்சுப் பக்கத்தில் கையெழுத்திட மறக்காதீர்கள்' என்று இருக்கும். நள்ளிரவு தாண்டினால் குறிப்பு மாறிவிடும்.

இத்தனை பெரிய கலைக்களஞ்சியத்தில் இந்தச் சின்னப் பெட்டிக்கு என்ன வேலை?

திருத்தினார்... திரும்பி வரவில்லை

ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். தமிழ் விக்கிப்பீடியாவில் தன் ஊரைப் பற்றிய கட்டுரையைப் படிக்கிறார். அவர் படித்த, பிறகு பாடம் நடத்திய பள்ளி தொடங்கிய ஆண்டு அதில் தவறாக இருக்கிறது. செல்போனில் பென்சில் படத்தைத் தொட்டு ஆண்டை மாற்றுகிறார், பதிப்பிக்கிறார். உடனே மாறிவிடுகிறது! குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெருமையாக லிங்க் அனுப்புகிறார்.

சாயந்திரம் பேரன் திறந்து பார்த்தால், பழைய ஆண்டே இருக்கிறது. யாரோ மாற்றிவிட்டார்கள். 'முப்பது வருஷம் அங்கேயே வேலை பார்த்த எனக்கா தெரியாது?' என்று ஆசிரியைக்கு வருத்தம். அதோடு அந்தப் பக்கமே போவதில்லை.

மாற்றியவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஓர் எண் இன்னோர் எண்ணாகியிருப்பது மட்டும்தான். ஏன் மாற்றினார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆதாரம் இல்லை. விளையாட்டுக்காக ஆண்டையும் எண்ணையும் மாற்றிவைப்பவர்கள் விக்கிப்பீடியாவுக்குத் தினமும் வருகிறார்கள். மாற்றியவர் ஆசிரியையா, குறும்புக்காரப் பையனா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இருவருமே தவறு செய்யவில்லை. ஆனால், நிறைய விவரம் தெரிந்த ஒருவரைக் கலைக்களஞ்சியம் இழந்துவிட்டது. திருத்தும்போது 'தொகுப்புச் சுருக்கம்' என்ற பெட்டியில் காரணத்தை ஒரு வரி எழுதி, ஒரு நாளிதழ்ச் செய்தியையோ புத்தகத்தையோ ஆதாரமாகச் சேர்த்திருந்தால் அந்தத் திருத்தம் நிலைத்திருக்கும். அந்த இரண்டு விஷயங்களையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இது ஏதோ ஒருவருக்கு நேர்வது அல்ல. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து பங்களிப்பவர்களின் எண்ணிக்கை 2007-ல் உச்சம் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கியது. நல்ல எண்ணத்தோடு வருகிற புதியவர்களின் திருத்தங்கள் சட்டென்று நீக்கப்படுவதும் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

புத்தகமும் பொட்டலமும்

2001 ஜனவரி 15-ல் விக்கிப்பீடியா தொடங்கியபோது விதிகள் கொஞ்சம்தான். ஆட்கள் சேரச் சேர விதிகளும் சேர்ந்தன. எது ஆதாரம், எது விளம்பரம், படத்தை எப்படிச் சேர்ப்பது, சண்டை வந்தால் எப்படித் தீர்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். 'எல்லாம் படித்துவிட்டு வாருங்கள்' என்று சொன்னால் யாரும் வர மாட்டார்கள். 'எதுவும் படிக்க வேண்டாம்' என்றாலோ நம் ஆசிரியைக்கு நேர்ந்ததுதான் நடக்கும்.

சமையல் கற்றுக்கொண்ட விதத்தை யோசித்துப் பாருங்கள். முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை புத்தகம் படித்தா கற்றோம்? 'கடுகு வெடிச்ச பிறகு கறிவேப்பிலை போடு', 'ரசம் நுரை கட்டினதும் இறக்கிடு' என்று அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் நின்று போகிற போக்கில் சொன்னதுதானே கைப்பழக்கம் ஆனது? பக்கத்தில் நிற்க ஆள் இல்லாத இணையத்தில் அந்த வேலையைத்தான் இந்தப் பெட்டி செய்யப் பார்க்கிறது. பெரிய புத்தகத்தைக் கொடுக்காமல், தினம் ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிறது.

விடிகாலை 5.30-க்கு மாறும் தாள்

இது இயங்கும் விதம் எளிமையானது. ஜனவரி 1-க்கு ஒரு பக்கம், ஜனவரி 2-க்கு ஒரு பக்கம் என்று வருடத்தின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு குறிப்பு தயாராக இருக்கும். பிப்ரவரி 29-ஐயும் சேர்த்தால் 366. அந்த ஒரு குறிப்பு மட்டும் நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் தலைகாட்டும்!

குறிப்பு வேண்டும் என்பவர், தன் பயனர் பக்கத்தில் இரட்டை அடைப்புக்குறிக்குள் ஒரு சின்னக் கட்டளையை எழுதினால் போதும். விக்கிப்பீடியா பாஷையில் அதற்கு 'வார்ப்புரு' என்று பெயர். இன்றைய தேதி என்ன என்று பார்த்து, அந்தத் தேதிக்குரிய பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்து காட்டுவது அதன் வேலை. தேதி, உலகப் பொது நேரப்படி மாறும். அதனால் லண்டனில் குளிர்கால நள்ளிரவாக இருக்கும்போது, சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் விடிகாலை 5.30. சிங்கப்பூரில் காலை 8 மணி. சில நேரம் முந்தின நாள் தாளே கிழிபடாமல் நிற்பதும் உண்டு. பக்கத்தின் பழைய பிரதியைக் கணினி நினைவில் வைத்திருப்பதுதான் காரணம். புதுப்பித்தால் சரியாகிவிடும்.

தினமும் ஒரு யுக்தி சொல்வது விக்கிப்பீடியா கண்டுபிடித்ததல்ல. விண்டோஸ் 95 வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். கணினியைத் திறந்ததும் 'உங்களுக்குத் தெரியுமா?' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். 'அடுத்த முறை காட்டாதே' என்பதற்கு அதிலேயே ஒரு கட்டம் இருக்கும். பலரும் முதலில் செய்தது அதைத்தான்! கேட்காமல் வந்து நிற்கும் புத்திமதிக்கு எப்போதும் கிடைக்கும் மரியாதை அதுதானே. விக்கிப்பீடியாவின் குறிப்பு அப்படி வந்து மறிப்பதில்லை. வேண்டும் என்பவர் தானே எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும், காலண்டரை ஆணியில் மாட்டுவதுபோல.

குறிப்புக்கும் வயதாகும்

அச்சுக் காலண்டருக்கு ஒரு வசதி உண்டு. போன வருடத்துப் பொன்மொழி இந்த வருடமும் செல்லும். விக்கிப்பீடியாவின் குறிப்புகளுக்கு அந்த வசதி இல்லை.

ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதி முடித்ததும் அழுத்தும் பொத்தானில் ஒரு காலத்தில் 'சேமி' என்று இருந்தது. அழுத்தியதும் உலகமே பார்க்கும் என்பது புதியவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று, பிறகு அது 'பதிப்பி' என மாறியது. 2023 ஜனவரியில் அதன் முகத்தோற்றமே மாறி, பல இணைப்புகள் இடம் பெயர்ந்தன. 'இடதுபுறம் இருக்கும் இணைப்பைச் சொடுக்குங்கள்' என்று எழுதியிருந்த குறிப்பைப் படித்தவர், அங்கே அதைத் தேடிக் களைத்திருப்பார். செல்போனில் படிப்பவருக்கோ அந்த 'இடதுபுறம்' என்பதே கிடையாது.

கையெழுத்து விஷயமும் அப்படித்தான். பேச்சுப் பக்கத்தில் எழுதியதும் அலைபோல் இருக்கும் ~ குறியை நான்கு முறை இட்டால், பெயரும் நேரமும் தானே வந்துவிடும். விக்கிப்பீடியர்களின் பாலபாடம் இது. இப்போது 'பதில்' பொத்தானை அழுத்தி எழுதினால், கையெழுத்தைக் கணினியே போட்டுக்கொள்கிறது. பழைய குறிப்பு தவறல்ல. ஆனால் பாதி உண்மை ஆகிவிட்டது.

தப்பான குறிப்பு, குறிப்பே இல்லாததைவிட மோசம். நம்பிச் செய்து பார்த்து, நடக்காவிட்டால், 'நமக்குத்தான் வரவில்லை' என்று புதியவர் நினைத்துக்கொள்வார்.

இதற்கு ஆங்கில விக்கிப்பீடியர்கள் ஓர் அழகான வழி வைத்திருக்கிறார்கள். இன்றைய குறிப்பைக் காட்டும் பெட்டி இருப்பதுபோலவே, நாளைய குறிப்பைக் காட்டும் பெட்டி ஒன்றும் உண்டு. அக்கறையுள்ள சிலர் அதைத் தங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். நாளை எல்லோருக்கும் போக வேண்டியதை இன்றே படித்து, பொத்தானின் பெயர் சரியா, இணைப்பு வேலை செய்கிறதா என்று பார்த்துத் திருத்திவிடுகிறார்கள். பந்தியில் பரிமாறும் முன் உப்பு பார்ப்பதுபோல! இதற்குச் சம்பளம் இல்லை. கீழே யார் பெயரும் வராது.

யாருக்கு உதவுகிறது?

நம் ஆசிரியைக்கு இந்தப் பெட்டி உதவியிருக்குமா? நேர்மையாகச் சொன்னால், சந்தேகம்தான். அவர் திருத்தப் போனது ஜனவரியில் என்றால், ஆதாரம் பற்றிய குறிப்பு ஆகஸ்டில் வரலாம். தவிர, இப்படி ஒரு பெட்டி இருப்பதே புதியவருக்குத் தெரியாது. அதனால்தான் அண்மைக் காலத்தில் விக்கிப்பீடியாக்களில் புதிய பயனர்களுக்கென்று தனி முகப்புப் பக்கம் வந்திருக்கிறது. அதில் எளிய வேலைகளைப் பரிந்துரைக்கிறார்கள். கேள்வி கேட்க ஒரு வழிகாட்டியையும் காட்டுகிறார்கள்.

தினக் குறிப்பால் அதிகம் பயன் பெறுபவர், கொஞ்ச காலமாக எழுதி வருபவர்தான். ஐந்து வருடமாக ஒரே வழியில் வேலை செய்பவருக்கு, 'அட, இதற்குக் குறுக்கு வழி இருக்கிறதா?' என்று ஒரு நாள் தெரியவரும். கூடவே, 'புதியவரிடம் பொறுமையாகப் பேசுங்கள்' என்ற குறிப்பும் ஒரு நாள் கண்ணில் படலாம். ஆசிரியையின் திருத்தத்தை நீக்கியவர் அதைப் படித்திருந்தால், நீக்கியதோடு நிற்காமல், 'ஆதாரம் இருந்தால் சேருங்கள், உதவுகிறேன்' என்று ஒரு வரி எழுதியிருப்பார்.

ஒரு வாரம் முயன்று பாருங்கள்

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. இன்று 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. உங்கள் ஊர், உங்கள் தொழில், உங்கள் ஊர்த் திருவிழா பற்றித் திருத்த ஏதாவது நிச்சயம் இருக்கும். இதோ, ஒரு வாரத்துக்கு ஏழு குறிப்புகள்.

ஞாயிறு: ஒரு பயனர் கணக்கு தொடங்குங்கள். சொந்தப் பெயர்தான் வேண்டும் என்பதில்லை, புனைபெயரும் போதும்.

திங்கள்: 'மணல்தொட்டி' பக்கத்துக்குப் போய் எழுதிப் பழகுங்கள். அது பழகுவதற்கென்றே உள்ள இடம். அங்கே தவறு செய்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

செவ்வாய்: ஒரே ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். பதிப்பிக்கும் முன் முன்தோற்றம் பாருங்கள்.

புதன்: ஒரு தகவலைச் சேருங்கள், ஆதாரத்தோடு. 'எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்' என்பது ஆதாரம் ஆகாது. அச்சில் வந்த செய்தி, புத்தகம், அரசு ஆவணம் என ஏதாவது ஒன்று வேண்டும்.

வியாழன்: ஏன் மாற்றினீர்கள் என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். உங்களைத் தெரியாதவருக்கு உங்களை அறிமுகப்படுத்துவது அந்த வரிதான்.

வெள்ளி: எங்கிருந்தும் அப்படியே நகலெடுத்து ஒட்டாதீர்கள். படித்துவிட்டுச் சொந்த நடையில் எழுதுங்கள். உங்களைப் பற்றியோ உங்கள் கடையைப் பற்றியோ நீங்களே கட்டுரை எழுதவும் வேண்டாம்.

சனி: உங்கள் திருத்தத்தை யாராவது நீக்கியிருந்தால், கோபத்தில் மறுபடி மாற்றாதீர்கள். கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். பொதுவான சந்தேகம் என்றால், 'ஆலமரத்தடி' என்றே ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே கேட்கலாம்.

ஆசிரியைக்கும் இன்னும் நேரம் இருக்கிறது. விக்கிப்பீடியாவில் நீக்கப்பட்டது பெரும்பாலும் காணாமல் போவதில்லை. கட்டுரையின் 'வரலாறு' பக்கத்தில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பத்திரமாக இருக்கும், அவர் எழுதிய ஆண்டு உட்பட. பேரனை உட்கார வைத்துக்கொண்டு, பள்ளியைப் பற்றிப் பழைய நாளிதழில் வந்த செய்தியைத் தேடி எடுத்து, பேச்சுப் பக்கத்தில் இரண்டு வரி எழுதினால் போதும். அடுத்த முறை அந்த ஆண்டு மாறினால், மாறியபடியே இருக்கும்.