சுவரை அளக்கிறார்கள், மலையை அளப்பதில்லை

சாத்தூர்க்காரனுக்கு நிலச்சரிவு பற்றி என்ன தெரியும்? மலை தெரியாது. விரிசல் தெரியும். எங்களுடையது கரிசல் பூமி. மழைக்கு உப்பும், கோடைக்கு வாயைப் பிளக்கும். அஸ்திவாரம் ஆழமில்லாத காலனிச் சுவரும் கூடவே பிளக்கும். பழைய விரிசலில் தூசியும் சுண்ணாம்பும் ஏறியிருக்கும். புது விரிசல் ஓரம் கூராக, உள்ளே சுத்தமாக இருக்கும். எங்க கொத்தனார் பாத்த உடனே சொல்லிருவார்.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையடிவாரத்து வீட்டின் மேல் பாறையும் மண்ணும் இறங்கின. ஏழு பேர் செத்தார்கள். அதில் அஞ்சு பேர் குழந்தைகள். பிறகு ஐ.ஐ.டி. வல்லுநர்கள் வந்து மண்ணைப் பரிசோதித்தார்கள். செத்த பிறகு வருகிற விஞ்ஞானம்!

சேதத்துக்கு என்ன கணக்கு? 2022 முதல் 2026 வரைக்கு ஒன்றிய அரசு வகுத்த நிவாரண விதியில், முழுசாக இடிந்த வீட்டுக்கு சமவெளியில் 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000. பகுதி சேதம் என்றால் கல்வீட்டுக்கு 6,500, மண்வீட்டுக்கு 4,000. அதுவும் 15 சதவீதமாவது சேதம் இருக்கணும். குடிசைக்கு 8,000. இதோடு ஒரு குறிப்பு: அந்த வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானம் என்று உரிய அதிகாரி சான்று தரவேண்டும்.

இந்தக் குறிப்புக்குள்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. மேட்டு நிலம் யார் கையில் இருக்கிறது? நம்ம சனங்களுக்கு வாய்த்தது புறம்போக்கு, ஓடைக்கரை, சரிவு. வீட்டு வரி வாங்குவான், கரண்டு கொடுப்பான், ஓட்டும் கேட்பான். வீடு விழுந்த அன்னைக்கு மட்டும் அங்கீகாரம் எங்கேம்பான். நான் வங்கிக் குமாஸ்தா. பட்டா இல்லாத வீட்டின் மதிப்பு எங்கள் ஏட்டில் பூஜ்யம்.

2020 ஆகஸ்ட் 6, மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் இறங்கி 70 பேர் போனார்கள். பலருக்குப் பூர்வீகம் நமக்குப் பக்கத்துக் கயத்தாறு. லயம் கம்பெனிச் சொத்து. புதைந்த வீட்டில் ஒரு செங்கல்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் விழுந்து 17 தலித்துகள் செத்தார்கள். அதை மலை தள்ளவில்லை. மனுசன் எழுப்பிய சுவர்.

இன்னொரு கோளாறும் உண்டு. படிவம் சுவரை மட்டும்தான் பார்க்கிறது. மேலே பாறை தொங்குகிற வீட்டில் கீறல் இல்லையென்றால் ‘சேதமில்லை’. அதில் பிள்ளையைப் படுக்கப்போட முடியுமா? சரிவை அளக்காத சேதக் கணக்கு பாதிக் கணக்குதான்.

தோழர்களே, இதற்கு என்ஜினியர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டைச் சிமெண்டில் பதித்துத் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. தூக்குக்குண்டு கட்டிச் சாய்வைப் பாருங்கள். வீட்டுக்கு மேலே மண்ணில் புது வெடிப்பு, சாய்ந்த கரண்டுக் கம்பம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இதில் ஒன்றைக் கண்டாலும் முதலில் சனங்களை வெளியேற்றுங்கள். போட்டோ, கணக்கெல்லாம் பிறகு. அதிகாரி எழுதும் பட்டியலைத் தெருவில் நின்று வாசிக்கச் சொல்லுங்கள். விடுபட்ட வீடு அங்கேயே தெரிந்துவிடும்.

மலையடியில் ஏன் குடியிருக்கிறாய் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலை அவர்களே தரட்டும்: ஊருக்குள்ளே, மேட்டில், எங்கள் பேரில் பட்டாவோடு மூணு சென்ட்.