சந்திரகிரி ராஜ மகாலுக்காக ஒரு கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: இந்தியத் தொல்லியல் துறை, ஆந்திரப் பிரதேச சுற்றுலாத் துறை, திருப்பதி மாவட்ட ஆட்சியர். நகல்: தமிழ்நாடு அரசு.

சந்திரகிரி, திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் குடியிருக்கும் நாங்கள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுகிறவர்கள். 1953 வரை இந்த ஊர்கள் சென்னை மாகாணத்தில்தான் இருந்தன. சந்திரகிரிக் கோட்டைக்குள் நிற்கும் ராஜ மகால், திருமலையில் தரிசனம் முடித்தவர்கள் ரயிலுக்கு நேரம் இருந்தால் எட்டிப்பார்க்கிற இடமாகச் சுருங்கிவிட்டது. பெரும்போரில் தோற்ற ஓர் அரசு எழுந்து உட்கார்ந்து ஆண்ட வீடு அது. அந்த வீட்டுக்கு உரிய மதிப்பைத் தாருங்கள் என்பதே எங்கள் வழக்கு.

1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரத்தை ஆண்ட ராமராயர் கொல்லப்பட்டார். தம்பி திருமலர் பெனுகொண்டாவுக்குப் பின்வாங்கினார். இரண்டாம் வேங்கடபதி ராயர் காலத்தில் தலைநகர் சந்திரகிரிக்கு வந்தது. பழைய தலைநகரான ஹம்பியின் அரண்மனை மேற்கட்டுகள் மரத்தாலானவை. அவை போய், இன்று கல்மேடைகளே மிச்சம். ராஜ மகாலிலோ மரமே கிடையாது. கல், செங்கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றோடு சரி. மூன்று தளங்களும் வில்வளைவுகளின் மேல் நிற்கின்றன. விஜயநகர ராயர்களின் அரண்மனை ஒன்றுக்குள் நடந்து, அண்ணாந்து கூரையைப் பார்க்க வாய்க்கும் இடங்கள் மிகச் சில. இது நம் கண்ணெதிரே இருக்கிறது.

வடக்கிலிருந்து கோல்கொண்டாவும் மேற்கிலிருந்து பீஜப்பூரும் நெருக்கிய காலத்தில்தான் 1639 ஆகஸ்ட் 22 வருகிறது. ராயருக்குக் கீழ்ப்பட்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர், பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேய வணிகருக்கு மதராஸில் கோட்டை கட்ட இடம் கொடுத்தார். நாயக்கருக்கு வேண்டியது வியாபாரமும் குதிரைகளும். டேயின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியது துணி. 1645இல் மூன்றாம் ஸ்ரீரங்க ராயர் அந்த உரிமையை உறுதிசெய்தார். அடுத்த ஆண்டே சந்திரகிரி கோல்கொண்டாவின் கைக்குப் போனது.

முதல் கோரிக்கை இங்கிருந்தே தொடங்குகிறது. மதராஸ் மானியச் சாசனம் ராஜ மகாலின் தர்பார் மண்டபத்தில்தான் எழுதப்பட்டது என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்கிறார்கள். ஊர்ப் பேச்சு அது. நாங்களும் சொல்லி வளர்ந்தவர்கள்தான். ஆனால் முதல் மானியத்தைக் கொடுத்தவர் நாயக்கர், உறுதிசெய்தவர் ராயர் என்ற வேறுபாட்டைப் பலகையில் எழுதுங்கள். எது ஆவணம், எது வழிவழிச் செய்தி என்று தெலுங்கிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரித்துக் காட்டுங்கள். மானியத்தின் வாசகத்தை மகாலிலுள்ள அருங்காட்சியகத்தில் ஒரு சுவரில் வைத்தாலே போதும். ஒலி ஒளிக் காட்சியின் முழக்கம் அந்த வேலையைச் செய்யாது.

இரண்டாவது, பழுதுபார்க்கும் முறை. பழைய செங்கல் மூச்சுவிடும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தேங்கி, உப்பு பூத்து, செங்கல் மாவாக உதிரும். மேலே கெட்டியான பூச்சு நிற்கும், உள்ளே சுவர் இருக்காது. ஆகவே ஒரு கையகலம் ஒட்டுப்போடுவதானாலும் சுண்ணாம்புதான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவருகிறார்கள். எங்கள் ஊர் இளைஞர்களை அவர்களிடம் கூலியோடு பயிற்சிக்கு வையுங்கள். மேல்தளச் சந்துகளில் முளைக்கும் அரசங்கன்றை மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் வேரோடு எடுக்க வேண்டும். வெட்டிவிட்டால் இரட்டிப்பாய்த் தழைக்கும்.

மூன்றாவது, அக்கம்பக்கத்து மக்கள். 2010இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. எல்லை எங்கே முடிகிறது என்று கோட்டையடியில் ஓடு மாற்றப்போகிறவருக்கு எப்படித் தெரியும்? கல் நட்டுக் காட்டுங்கள். 1992 ஜூன் 16க்கு முன் கட்டிய வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி கேட்கச் சட்டத்திலேயே வழி உண்டு; அந்த விண்ணப்பத்தைத் தாசில்தார் அலுவலகத்திலேயே வாங்க ஏற்பாடு செய்யுங்கள். அண்டைவீட்டாரை எதிரியாக்கிக்கொண்டு எந்த அரண்மனையையும் காப்பாற்ற முடியாது.

போக்குவரத்து பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. திருப்பதியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்; சந்திரகிரிக்கு ரயில் நிலையமும் இருக்கிறது. சீனிவாச மங்காபுரம் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் பத்தில் ஒருவரைக் கோட்டைப் பக்கம் திருப்பினாலே போதும். அங்கே ஒரு வழிகாட்டிப் பலகை, மகாலுக்கு ஒரு நகரப் பேருந்து.

கடைசியாகத் தமிழ்நாடு அரசுக்கு: ஒவ்வோர் ஆகஸ்டிலும் சென்னை தினம் கொண்டாடுகிறார்கள். மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் நடை போகிறார்கள். அந்த நகரத்தின் பிறப்புப் பத்திரத்தை உறுதிசெய்தவர் சந்திரகிரி ராயர் மரபினர் என்பது எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும்? ஆண்டுக்கு ஒரு தடவையாவது சென்னை மாணவர்களை இங்கே அனுப்புங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள கம்பெனி காலத்துப் பதிவுகளின் படிகளைச் சந்திரகிரி அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், எதற்குப் பணமில்லை என்பதை வரும் ஆகஸ்ட் 22க்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறுப்பதானால் காரணத்தோடு மறுக்க வேண்டும்.

இப்படிக்கு,
சந்திரகிரி, திருப்பதி, சித்தூர் வட்டாரக் குடிமக்கள்