தங்க அட்டையும் தகர வாக்குறுதியும்

பத்திரிகை அலுவலகத்தில் நீண்டகாலம் இருந்தவர்களுக்கு ஒரு விடயம் நன்கு தெரியும். அதிகம் பேர் வாசித்துவிடக் கூடாது என்று ஒரு நிறுவனம் விரும்பும் செய்தி, பெரும்பாலும் விடுமுறை நாளிலேயே வந்து சேரும். நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடைப்பட்ட வாரம் அதற்கு மிகவும் வாய்ப்பானது. ஆசிரியபீடத்தில் பாதிப்பேர் இருக்கமாட்டார்கள். வாசகர்களும் உறவினர் வீடுகளில் இருப்பார்கள்.

பிரிட்டிஷ் எயார்வேஸ் நிறுவனம் தன் நீண்டகால வாடிக்கையாளருக்கான தகுதி விதிகளைத் தலைகீழாக மாற்றப்போவதாக அறிவித்த நாள் 2024 டிசெம்பர் 30. தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் அந்தத் திகதியைப் பார்த்தவுடன் என் பழைய தொழிற்புத்தி விழித்துக்கொண்டது.

அடிக்கடி விமானத்தில் பறப்பவர்களுக்கு விமான நிறுவனங்கள் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் எனப் பலவித தரங்களை வழங்குவது வாசகர்கள் அறிந்ததே. அந்த அட்டை இருந்தால் வரிசையில் காத்திருக்கத் தேவையில்லை. லவுஞ்சில் அமர்ந்து உணவருந்தலாம். பயணப்பொதியில் சில கிலோ கூடுதலாகக் கொண்டுசெல்லலாம். அதிர்ஷ்டமிருந்தால் உயர்வகுப்பு ஆசனமும் கிடைக்கும். ஓர் ஆண்டில் குறித்த அளவு பயணம் செய்தால் அடுத்த ஆண்டுக்கு அந்தத் தரம் உங்களுடையது. கேட்பதற்கு நேர்மையான ஏற்பாடாகவே தெரிகிறது. ஆனால் அந்தக் "குறித்த அளவு" என்ன என்பதை யார் தீர்மானிப்பது? அதை எப்போது மாற்றலாம்? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இதன் கதை அமெரிக்காவில் ஆரம்பமாகிறது. 1978 இல் விமானசேவைக் கட்டுப்பாடுகளை நீக்கும் சட்டம் அங்கு நிறைவேறியது. அதுவரை கட்டணத்தையும் பாதைகளையும் அரசே தீர்மானித்தது. சட்டம் வந்த பின்னர் நிறுவனங்கள் ஒன்றோடொன்று கட்டணத்தில் மோதத் தொடங்கின. வாடிக்கையாளர் மலிவான சீட்டைத் தேடி நாளுக்கொரு நிறுவனத்துக்கு மாறினார். அவரைத் தன்னிடமே தக்கவைப்பதற்காக அமெரிக்கன் எயார்லைன்ஸ் 1981 மே 1 ஆம் திகதி மைல் கணக்குத் திட்டத்தை ஆரம்பித்தது. சில நாட்களிலேயே யுனைடெட் நிறுவனமும் பின்தொடர்ந்தது. பின்னர் உலகம் முழுவதும் இது பரவியது.

அடிப்படைக் கருத்து மிக எளிமையானது. நீங்கள் எவ்வளவு தூரம் எங்களுடன் பறக்கிறீர்களோ, அவ்வளவு நாங்கள் உங்களை மதிப்போம். சாதாரண வகுப்பில் தன் சொந்தப் பணத்தில் கண்டம் விட்டுக் கண்டம் பறந்த ஆசிரியரும், கம்பனிச் செலவில் பறந்த முகாமையாளரும் ஏறக்குறைய ஒரே அளவுகோலினால் அளக்கப்பட்டார்கள். தூரத்துக்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் தெரியாது.

அந்த அளவுகோல்தான் மெல்ல மெல்ல மாற்றப்பட்டது. டெல்டா நிறுவனம் 2014 முதல் மைல்களோடு செலவுத் தொகையையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தது. வெள்ளித் தரத்துக்கு ஆண்டொன்றுக்கு 2,500 டொலர்; அதியுயர் டயமண்ட் தரத்துக்கு 12,500 டொலர். 2015 இல் டெல்டாவும் யுனைடெட்டும், 2016 இல் அமெரிக்கனும், பரிசு மைல்களைத் தூரத்தின்படி அன்றிச் சீட்டின் விலையின்படி வழங்கத் தொடங்கின. ஒவ்வொரு தடவையும் சிறு முணுமுணுப்பு எழுந்தது. பின்னர் அடங்கியது.

2023 செப்டெம்பரில் அது முணுமுணுப்பாக இருக்கவில்லை. 2024 ஆம் ஆண்டுப் பயணங்களிலிருந்து மைல்களையும் பயணங்களின் எண்ணிக்கையையும் முற்றாகக் கைவிட்டு, செலவுத் தொகையை மட்டுமே கணக்கிடப்போவதாக டெல்டா அறிவித்தது. அப்போது 20,000 டொலராக இருந்த டயமண்ட் எல்லை ஒரே பாய்ச்சலில் 35,000 டொலராகியது. வெள்ளி 3,000 இலிருந்து 6,000 ஆக இரட்டித்தது. அந்நிறுவனத்தின் உயர்விலைக் கடனட்டையை வைத்திருந்தவர்கள் லவுஞ்சுக்குள் எத்தனை தடவை நுழையலாம் என்பதற்கும் வரம்பு விதிக்கப்பட்டது.

எதிர்ப்பு எவ்வளவு வலுவாக இருந்தது என்றால், அதே மாதத்திலேயே டெல்டாவின் தலைமை நிறைவேற்று அதிகாரி எட் பாஸ்டியன், அட்லாண்டா ரோட்டரிக் கழகக் கூட்டமொன்றில், தாங்கள் அளவுக்கு மீறிச் சென்றுவிட்டிருக்கலாம் என ஒப்புக்கொண்டார். ஒக்டோபரில் எல்லைகள் தளர்த்தப்பட்டன. டயமண்ட் 28,000 டொலர், வெள்ளி 5,000 டொலர் என்றாகியது. வாடிக்கையாளர் வென்றுவிட்டதாகச் சிலர் எழுதினார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. ஓர் ஆண்டுக்கு முந்திய நிலையோடு ஒப்பிட்டால் டயமண்ட் எல்லை 8,000 டொலரால் உயர்ந்தே இருந்தது. சந்தையில் ஆயிரம் ரூபா சொல்லி எண்ணூறுக்கு இறங்கிவரும் வியாபாரியிடம் பொருள் வாங்கிய நமக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. அந்தப் பொருளின் நேற்றைய விலை அறுநூறு என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

இனி பிரிட்டிஷ் எயார்வேஸுக்கு வருவோம். 2025 ஏப்ரல் 1 வரை அங்கு தங்கத் தரத்துக்கு 1,500 புள்ளிகள் தேவைப்பட்டன. வணிக வகுப்பில் நியூயோர்க் போன்ற நீண்டதூரப் பயணத்துக்கு ஒரு வழிக்கு 140 புள்ளிகள். ஆகவே மலிவு விற்பனைக் காலத்தில் சீட்டு வாங்கத் தெரிந்தவர், பதினொரு பயணங்களில் எல்லையைத் தொட்டுவிடுவார். புதிய விதியின்படி அரச வரிகள் நீங்கலாகச் செலவிடும் ஒவ்வொரு பவுணுக்கும் ஒரு புள்ளி. வெண்கலத்துக்கு 3,500, வெள்ளிக்கு 7,500, தங்கத்துக்கு 20,000. பின்னர் எழுந்த கண்டனங்களால் அறிமுகக் காலத்துக்கு மேலதிகப் புள்ளிகள் வழங்கப்பட்டன. வெண்கலத்துக்கு 25, வெள்ளிக்கு 50 பயணங்கள் என்ற மாற்றுவழியும் திறக்கப்பட்டது. தங்கத்துக்கு அவ்வாறான வழி எதுவும் திறக்கப்படவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் தன் கம்பனியின் செலவில், வரி நீங்கலாக 5,000 பவுண் வீதம் நான்கு தடவை போய்வருகிறார். இன்னொருவர் தன் சொந்தப் பணத்தில் 600 பவுண் வீதம் பத்துத் தடவை போய்வருகிறார். முதலாமவருக்குத் தங்கம். இருபது தடவை விமானமேறிய இரண்டாமவருக்கு, சிறப்புச் சலுகைகளை ஒதுக்கிவிட்டால், வெண்கலம் மட்டுமே. இருவரில் விசுவாசமான வாடிக்கையாளர் யார்? தன் பணம் செலவழியாதபோது எந்த நிறுவனத்தில் பறந்தாலும் முதலாமவருக்கு இழப்பு எதுவுமில்லை. இரண்டாமவரோ ஒவ்வொரு தடவையும் வேறு நிறுவனத்தின் மலிவான சீட்டைத் தவிர்த்துவிட்டு வந்தவராக இருக்கக்கூடும்.

இது நமக்குத் தொடர்பில்லாத வெள்ளைக்காரர் விவகாரம் என்று எண்ண வேண்டாம். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே மாதம் முதல் வன்வேர்ல்ட் கூட்டணியின் உறுப்பு நிறுவனம். பிரிட்டிஷ் எயார்வேஸும் அதே கூட்டணியே. ஒன்றின் வெள்ளித் தரம் மற்றதன் விமானத்திலும் செல்லும். லண்டனிலிருந்து தாயைப் பார்க்க யாழ்ப்பாணம் வருபவருக்கு லவுஞ்சு முக்கியமில்லை. கூடுதலாகக் கிடைக்கும் பொதி எடைதான் முக்கியம். அதற்குள் மருந்து இருக்கும். தங்கையின் பிள்ளைகளுக்கு உடுப்பு இருக்கும். திரும்பும்போது மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் இருக்கும்.

எனக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. பத்திரிகைப் பணி காரணமாக மாநாடுகளுக்கும் பயிற்சிகளுக்கும் போய்வந்த காலத்தில், ஒரு நிறுவனத்தின் நடுத்தர அட்டை என்னிடம் இருந்தது. அதன் பெயர் இங்கு வேண்டாம். அந்த அட்டையின் தயவால் இரு கட்டுப் புத்தகங்களை மேலதிகக் கட்டணமின்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பின்னொரு நாள் கடிதம் வந்தது. நான் வழமையாக வாங்கும் மலிவுச் சீட்டுகளுக்கு இனிமேல் பாதி மைல்களே கணக்கிடப்படும் என்றது அது. அந்த ஆண்டின் இரண்டு பயணங்களை, வேறு நிறுவனத்தில் மலிவாகக் கிடைத்தும், அந்த அட்டைக்காகவே அதே நிறுவனத்தில் செய்திருந்தேன். அட்டை போனது பெரிதாக வலிக்கவில்லை. அவர்களுக்கு நான் வாடிக்கையாளர் என்று நம்பியிருந்தேனே, அந்த நம்பிக்கையை நினைத்துத்தான் வெட்கப்பட்டேன்.

நிறுவனங்களின் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் யாரும் பறக்க முடியாதிருந்தபோது, அவை தங்கள் உறுப்பினரின் தரங்களை நீடித்துக் கொடுத்தன. கடனட்டை மூலமும் பலர் மேலே வந்தார்கள். விளைவாக, லவுஞ்சு வாசலில் வரிசை நீண்டது. முன்னுரிமை வரிசையில் பாதிப் பயணிகள் நின்றால் அது முன்னுரிமை வரிசையாகாது. எல்லோரும் தங்கமானால் தங்கத்துக்கு மதிப்பேது? எங்கோ ஓரிடத்தில் கோடு போடத்தான் வேண்டும்.

ஆனால் அந்த நெரிசலை உருவாக்கியவர்கள் யார்? மைல்களை வங்கிகளுக்கு மொத்தமாக விற்று, கடனட்டை எடுத்தாலே சலுகை என்று கூவி அழைத்தவர்கள் அவர்களேதான். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்திடமிருந்து டெல்டாவுக்கு 2024 இல் மட்டும் ஏறத்தாழ 740 கோடி டொலர் கிடைத்தது. 2020 இல் விமானங்கள் தரையில் நின்றபோது, டெல்டா தன் மைல் திட்டத்தையே பிணையாக வைத்து 900 கோடி டொலர் கடன் திரட்டியது. யுனைடெட்டும் அவ்வழியே சென்றது. அடகு வைக்கத் தகுந்த அந்தச் சொத்து எதனால் ஆனது? நம்மைப் போன்றவர்களின் பழக்கத்தினாலும் நம்பிக்கையினாலும் ஆனது. கடன் கொடுத்தவர்களுடன் எழுத்தில் ஒப்பந்தம் உண்டு. அந்தச் சொத்தைக் கட்டியெழுப்பிய பயணியிடமோ, எந்நேரமும் மாற்றக்கூடிய விதிகள் மட்டுமே உண்டு.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். போனார்கள். 1988 இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ், ஏற்கனவே சம்பாதித்த மைல்களுக்கும் புதிய கட்டுப்பாடுகளைப் பொருத்தியபோது வழக்குத் தொடரப்பட்டது. 1995 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநில நுகர்வோர் சட்டங்களின் கீழ் வழக்காட முடியாது, ஒப்பந்த மீறல் என்று மட்டுமே வழக்காடலாம் என்றது. அந்த ஒப்பந்தத்தை எழுதுவது யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது யூத மதகுருவான கின்ஸ்பேர்க்கின் வழக்கு. நோர்த்வெஸ்ட் நிறுவனத்தில் பிளாட்டினம் தரம் பெற்றிருந்தவர் அவர். சில மாதங்களில் 24 தடவை முறையிட்டார் என்று சுட்டிக்காட்டி, 2008 இல் அவருடைய உறுப்புரிமையே நீக்கப்பட்டது. தன் சொந்தத் தீர்மானத்தின் பேரில் நீக்கலாம் என்று விதிகளில் நிறுவனம் முன்பே எழுதிவைத்திருந்தது. ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டாலும் நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ளும் கடமை உண்டல்லவா என்று அவர் கேட்டார். 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏகமனதாக அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. கட்டுப்பாடுகளை நீக்கிப் பயணிக்கு நன்மை செய்ய வந்த அதே 1978 ஆம் ஆண்டுச் சட்டமே அவருடைய வழியை அடைத்தது.

2024 செப்டெம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் நான்கு பெரிய நிறுவனங்களிடம் இத்திட்டங்கள் குறித்து விளக்கம் கோரியது. கோரியதே ஒரு முன்னேற்றந்தான். எனினும் விளக்கம் கேட்பது வேறு, விதி செய்வது வேறு.

நான் கேட்பது பெரிய சலுகை எதையுமல்ல. முதலாவது, போதிய முன்னறிவித்தல். டெல்டா கொடுத்தது மூன்றரை மாதம். பிரிட்டிஷ் எயார்வேஸ் கொடுத்தது மூன்று மாதம். ஓராண்டை அளவாகக் கொண்ட திட்டத்துக்கு முழுமையாக ஓராண்டு அவகாசம் வேண்டும். இரண்டாவது, தெரிவு செய்யும் உரிமை. தூரம், எண்ணிக்கை, செலவு என மூன்றில் ஒன்றைப் பயணியே தெரிவு செய்ய முடியும். இது நடக்காத காரியமல்ல. அலாஸ்கா எயார்லைன்ஸ் 2025 இல் அறிமுகப்படுத்திய புதிய திட்டத்தில் அவ்வாறான தெரிவை வழங்க முன்வந்தது. மூன்றாவது, பெயரில் நேர்மை. அதிகம் செலவிடுபவருக்கு அதிகம் கொடுப்பது வியாபாரம். அதில் தவறில்லை. நம்மூர்க் கடைக்காரரும் அதைத்தான் செய்கிறார். ஆனால் அவர் அதற்கு விசுவாசம் என்று பெயர் சூட்டுவதில்லை.

அதுவரை பயணிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சீட்டு வாங்கும்போது அன்றைய விலையையும் அன்றைய வசதியையும் மட்டும் பாருங்கள். அட்டை வந்தால் மகிழ்ச்சி; பயன்படுத்துங்கள். அடுத்த ஆண்டும் அது இருக்கும் என்று எண்ணி ஒரு ரூபாவும் கூடுதலாகச் செலவிடாதீர்கள். என் பழைய அட்டை இன்னமும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. புத்தகத்தில் பக்கக் குறியாக வைக்க நன்றாகவே பயன்படுகிறது.